முன்பணத்துக்கும் கிரயத்துக்கும் இடையில்

காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களில் வீடு, மனை விற்றுக் கொடுக்கும் தரகுத் தொழிலில் இருபத்தெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். பெருநகரங்களில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கொடுத்தால் ஒன்றிரண்டு மாதத்தில் கிரயம், அதாவது விற்பனைப் பத்திரப் பதிவு, முடிந்துவிடும் என்று அங்குள்ள தரகர்கள் சொல்வார்கள். இங்கே நடுமுற்றம் வைத்துக் கட்டிய ஒரு பழைய வளவு வீட்டுக்கு விலை பேசினால், பங்காளிகள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக் கிரயத்துக்குக் கொண்டுவர எட்டு மாதம் ஆனாலும் ஆகும், மூன்று ஆண்டு ஆனாலும் ஆகும். அந்த இடைவெளியில் சென்னையிலிருந்தோ தில்லியிலிருந்தோ ஓர் ஆணை வந்துவிட்டால், பேசிய கணக்கு பேசியபடி நிற்பதில்லை. விலை ஒத்துவராமல் முறிந்த பேரங்களைவிட, இடையில் விதி மாறியதால் இழுபறியான பேரங்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவற்றுள் சிலவற்றில் கையைச் சுட்டுக்கொண்டவனும் நானே.

முதலில் என் சொந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2014ஆம் ஆண்டு, மகள் கல்யாணத்துக்கு உதவும் என்று, திருப்பத்தூர் சாலைப் பக்கம் ஒரு மனைப்பிரிவில் ஐந்து சென்ட் மனைகள் இரண்டை வாங்கிப் போட்டேன். அது 'பஞ்சாயத்து அப்ரூவல்' மனை. ஊராட்சித் தலைவர் கையெழுத்திட்ட வரைபடம் ஒன்று இருக்கும். நகர ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல், அதாவது எல்லாரும் சொல்லும் டிடிசிபி ஒப்புதல், இருக்காது. சட்டப்படி அந்த வரைபடத்துக்கு மதிப்பில்லை என்பது எனக்குத் தெரியாத செய்தியன்று. பதிவு நடக்கிறது, பட்டா கிடைக்கிறது, ஊரே வாங்குகிறது என்ற தைரியத்தில் வாங்கினேன். 2016 ஆகஸ்டில் இரண்டு மனைக்கும் ஆள் கிடைத்து ஒரு லட்ச ரூபாய் முன்பணமும் கைக்கு வந்தது. செப்டம்பர் 9 அன்று, ஒப்புதல் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வாங்க வந்தவர் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தார். நவம்பர் 8 அன்று பணமதிப்பு நீக்கமும் வந்து சேர, முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார், கொடுத்தேன். தை மாதக் கல்யாணத்தை நகைக்கடன் வைத்து நடத்தினேன்.

2017 மே மாதம், ஒப்புதல் இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன் ஒரு மனையாவது பதிவுப் பத்திரத்தின் மூலம் விற்கப்பட்டிருந்த மனைப்பிரிவுகளுக்கு அந்த வாசல் திறந்தது. ஆனால் தனி மனைக்கு விண்ணப்பிப்பதற்குமுன் மனைப்பிரிவு முழுவதற்கும் ஒப்புதல் வர வேண்டும். எங்கள் மனைப்பிரிவைப் போட்டவரோ எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊரைவிட்டே போயிருந்தார். மனை வாங்கிய நாங்கள் இருபது பேர் சேர்ந்து, சாலைக்கு விட்ட இடத்தை அளந்து காட்டி, கட்டணம் கட்டி முடிப்பதற்குள் ஓராண்டுக்கு மேல் ஓடிவிட்டது. மனை கைவசம் இருந்தும் அவசரத்துக்கு ஒரு ரூபாய்க்கு உதவாத நிலை என்னவென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு, அடுத்த வாரமே ஒப்புதல் வந்துவிடும் என்று எவ்வளவு பெரிய மனிதர் சொன்னாலும், ஒப்புதல் எண்ணைக் கண்ணால் பார்க்காத மனையை நான் காட்டுவதில்லை.

அதே 2017ஆம் ஆண்டில், வீடு, மனைத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ரெரா என்ற மத்தியச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஐந்நூறு சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட திட்டத்தில் விற்பனைக்குத் துணைபோகும் தரகர் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு ஐந்தாண்டு செல்லும். பதிவில்லாமல் விற்றுக் கொடுத்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் வீதம், சொத்து மதிப்பில் ஐந்து சதவீதம் வரை அபராதம். என் சக தரகர்கள் பலர் இதை வெறும் வசூல் என்று ஒதுக்கினார்கள். தனிநபருக்கு 25,000 ரூபாய் கட்டணம் என்றபோது எனக்கும் கசக்கத்தான் செய்தது. இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பழைய வீட்டை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மறுவிற்பனை செய்து கொடுப்பதற்கு இந்தப் பதிவு தேவையில்லை. மனைப்பிரிவுத் திட்டங்களில் கைவைப்பவருக்கே தேவை. இது தெரியாமல் பணம் கட்டியவர்களையும் கண்டேன். இதையே சாக்காகச் சொல்லி மனைப்பிரிவுகளைப் பதிவின்றி விற்றவர்களையும் கண்டேன்.

பதிவுச் செலவைப் பற்றி வீட்டுக்காரர்களுக்கு இருக்கும் குழப்பம் பெரிது. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக அரசு குறித்து வைக்கும் மதிப்பை, 33 சதவீதம் குறைத்துவிட்டு, பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து நான்கு சதவீதமாக உயர்த்தினார்கள். முத்திரைத் தீர்வை ஏழோடு சேர்த்துப் பதினொன்று. 2023 ஏப்ரல் 1 முதல் வழிகாட்டி மதிப்பு பழைய அளவுக்கே திரும்பியது; பதிவுக் கட்டணம் இரண்டு சதவீதமாகக் குறைந்தது. மொத்தம் ஒன்பது. "பதினொன்று ஒன்பதாயிற்று, குறைந்துவிட்டதல்லவா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 2017க்கு முன் முப்பது லட்சம் வழிகாட்டி மதிப்புள்ள ஒரு வீடு, குறைப்புக்குப் பின் இருபது லட்சத்துப் பத்தாயிரத்துக்கு வந்தது. அதற்குப் பதினொரு சதவீதம் 2,21,100 ரூபாய். 2023 ஏப்ரலில் அதே வீடு மறுபடி முப்பது லட்சம். ஒன்பது சதவீதம் 2,70,000 ரூபாய். வழிகாட்டி மதிப்பைக் காட்டிப் பதிகிறவருக்கு ஏறக்குறைய 49,000 ரூபாய் கூடுதல். அதே வீட்டை வங்கிக் கடனில் வாங்கி, நாற்பத்தைந்து லட்சம் என்ற உண்மை விலையையே பத்திரத்தில் எழுதுகிறவருக்கோ 4,95,000 ரூபாய் 4,05,000 ஆகக் குறைந்தது. தொண்ணூறாயிரம் மிச்சம். ஒரே ஆணை, விலையை மறைத்தவனுக்குச் செலவையும் மறைக்காதவனுக்குச் சலுகையையும் தந்தது. இதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

அந்த மார்ச் மாதக் கடைசி வாரத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் கிடைக்காமல் பலர் தவித்தார்கள். எல்லாருமே அவசரப்பட்டிருக்க வேண்டியதில்லை. உண்மை விலைக்குப் பதிய இருந்த ஒரு ஆசிரியரை நான்தான் தடுத்து ஏப்ரலுக்குத் தள்ளிவைத்தேன். நிதிநிலை அறிக்கையில் அறிவிப்பு வந்தவுடன் இரு மாதிரியும் கணக்குப் போட்டுப் பார்க்க அரை மணி நேரம் போதும். கூட்டம் ஓடுகிறதே என்று கூடவே ஓடியவர்கள் அந்த அரை மணி நேரத்தை ஒதுக்கவில்லை.

தரகர்களை நேராகத் தொட்ட மாற்றம் அதே ஆண்டு ஜூலை 10 அன்று வந்தது. அதற்கு முன்னால், வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்கும் பங்காளிகள், "அடிக்கடி வர முடியாது, நீங்களே பார்த்து முடித்துவிடுங்கள்" என்று தரகர் பெயரிலேயே பவர், அதாவது அதிகாரப் பத்திரம், எழுதிக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. குடும்பத்துக்கு வெளியே உள்ளவருக்கு விற்பனை அதிகாரத்தோடு பவர் கொடுக்கப் பதிவுக் கட்டணம் பத்தாயிரம் ரூபாயாக இருந்தது, அன்று முதல் சொத்தின் சந்தை மதிப்பில் ஒரு சதவீதம் ஆயிற்று. குடும்ப உறுப்பினருக்குக் கொடுப்பதானால் ஆயிரம் ரூபாய்தான். அதோடு என் பெயரில் பவர் வாங்குவதை நிறுத்திவிட்டேன். உள்ளூரில் இருக்கும் தம்பிக்கோ அக்காளுக்கோ கொடுக்கச் சொல்கிறேன். தரகர் கையில் பவர் இருந்தால் பேரம் வேகமாக முடியும் என்பது உண்மையே. அந்த வேகத்தில் சொத்துக்காரருக்குத் தெரியாமல் விலை மாறிய கதைகளும் இந்த வட்டாரத்தில் உண்டு என்பதால், இந்தக் கட்டண உயர்வை நான் குறை சொல்ல மாட்டேன்.

வீட்டை விற்காமல் வைத்திருப்பவர்களின் பாடு வேறு. 2022 ஏப்ரலில் நகர்ப்புற சொத்து வரியை உயர்த்தியபோது, எங்களைப் போன்ற நகராட்சி, பேரூராட்சிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதம், அதற்கு மேல் 50, 75 என்று ஏறி, 1,800 சதுர அடியைத் தாண்டிய வீடுகளுக்கு 100 சதவீதம் ஆனது. சென்னையில் 1,800 சதுர அடி வீடு வைத்திருப்பவர் வசதிக்காரர் என்று கொள்வதில் நியாயம் இருக்கலாம். செட்டிநாட்டில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீட்டில், கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் மட்டும் கதவு திறக்கிறது. மற்ற நாட்களில் காவலுக்கு ஒரு முதியவர்தான் இருக்கிறார். வருமானம் இல்லாத வீட்டுக்கு வரி இரட்டிப்பானதும், முன்பு மூத்தவர் ஒருவரே மனமுவந்து கட்டிவந்ததைப் பத்துப் பங்காளிகளும் பிரித்துக் கட்ட வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. பங்கு பிரிக்க உட்கார்ந்த பல குடும்பங்களில் அந்தப் பேச்சு வீட்டையே விற்றுவிடுவதில் போய் முடிந்தது. என் தொழிலுக்கு அது வரவு. ஆனால் தேக்குத் தூண்களைப் பெயர்த்து ஏற்றிக்கொண்டு போகும் லாரியைப் பார்க்கும்போது அந்த வரவில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி இருந்ததில்லை.

வைத்திருக்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. அரையாண்டின் முதல் முப்பது நாளுக்குள் வரி கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் ஐயாயிரம் ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு, அதை விடாதீர்கள். கொள்ளுத்தாத்தா பெயரில் வரும் வரி ரசீதை இப்போதே உயிரோடிருப்பவர்கள் பெயருக்கு மாற்றுங்கள். விற்கும் நாளில் அதற்கென்று தனியாக மூன்று மாதம் அலைய நேரும்.

இனி, எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த ஒரு கிரயத்தைச் சொல்கிறேன். கானாடுகாத்தான் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு வீடு. பங்காளிகள் பன்னிரண்டு பேர் என்று சொல்லித்தான் 2023 வைகாசியில் என்னிடம் வந்தார்கள். ஆவண எழுத்தர் வாரிசுச் சான்றுகளை வரிசைப்படுத்தியதும் கணக்கு பதினான்கானது. 1960களில் கட்டிக்கொடுத்த இரண்டு பெண்களை ஆண்மக்கள் கணக்கில் எடுக்கவே இல்லை. சீர் செய்து அனுப்பியாயிற்று, அதோடு முடிந்தது என்பது அவர்கள் எண்ணம். தமிழ்நாட்டின் 1989ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்கு முன் திருமணமான பெண்களைச் சேர்க்கவில்லை என்பது உண்மை. 2005இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்த வேறுபாடு இல்லை. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லையென்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்குபவரின் வழக்கறிஞர் இரு பெண்களும் கையெழுத்திடாமல் நகர மாட்டேன் என்றார்.

தேவகோட்டையில் இருந்த மூத்த ஆச்சியைப் பார்க்க நான்தான் போனேன். எழுபத்தெட்டு வயது. பட்டாலையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்துவிட்டு, "தம்பி, எங்க அப்பச்சி கட்டுன வீடு. காசு எனக்கு எதுக்கு? ஆனா என்னையக் கேக்காமயே வித்துப்புட்டாகன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரப்படாது" என்றார். நான் போவதற்கு முன்பே அண்ணன் தம்பிமார் ஒருவராவது நேரில் போயிருந்தால் அந்தக் கையெழுத்துக்கு ஐந்து மாதம் ஆகியிருக்காது. கடைசியில் இளைய தம்பி பழத்தட்டோடு போய்க் கேட்டபின்தான் ஆச்சி இசைந்தார். தம் பங்கையும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த முட்டுக்கட்டை மூலப் பத்திரம். 2022 செப்டம்பரில் பதிவு விதிகளில் 55ஏ என்ற விதியைச் சேர்த்து, முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்றார்கள். இந்த வீட்டின் பாகப்பிரிவினைப் பத்திரம் 1936ஆம் ஆண்டையது. அசல், ரங்கூன் கடையின் இரும்புப் பெட்டியில் இருந்ததாகவும், 1942இல் ஜப்பானியர் வந்தபோது பெட்டியை விட்டுவிட்டு நடந்தே வந்ததாகவும் குடும்பத்தில் ஒரு கதை. காவல் நிலையத்தில் அந்தக் கதையை எழுதிக் கொடுத்தபோது எழுத்தர் நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. நாளிதழ் விளம்பரம், கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று, பதிவுத் துறையின் சான்றிட்ட நகல் என்று நான்கு மாதம் போயிற்று. அந்த விதி செல்லாது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டுக்காரர்கள் சிலர் இனி அசல் வேண்டியதில்லை என்று மகிழ்ந்தார்கள். வங்கியின் வழக்கறிஞரும் வாங்குபவரும் கேட்பதை எந்தத் தீர்ப்பும் நிறுத்தாது. ஆகையால் அசல் இல்லாதவர்கள் சான்றிட்ட நகலையும் வில்லங்கச் சான்றையும் இப்போதே எடுத்து வைப்பது நல்லது.

2024 மே மாதத்தில் எழுபது லட்சத்துக்கு விலை முடிந்தது. பங்குக்கு ஐந்து லட்சம். விருந்தினர் இல்லம் நடத்த விரும்பிய ஒரு தம்பதியர், இருவர் பெயரிலும் வாங்குவதாக ஏற்பாடு. பங்காளிகளில் இருவர் மலேசியாவில் இருந்தார்கள். ஒருவருடைய பவர், கோலாலம்பூர் இந்தியத் தூதரக முத்திரையோடு வந்து, இங்கே உறவினர் வீட்டு அலமாரியில் தூங்கியது. வெளிநாட்டில் எழுதிய பவருக்கு அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் இங்கு முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பதை நான் வாயால் சொன்னேன், எழுதிக் கொடுக்கவில்லை. கெடு தாண்டிப் புதிதாக எழுதி வாங்க வேண்டியதாயிற்று. அந்தத் தாமதம் முழுக்க என் பிழை.

அதற்குள் ஜூலை 23 அன்று மத்திய நிதிநிலை அறிக்கை வந்தது. வெளிநாட்டுவாழ் பங்காளிக்குப் பணம் கொடுக்கும்போது வாங்குபவர் பிடிக்க வேண்டிய வரி, மூலதன ஆதாயத்துக்கு மேல்வரி சேர்த்து 20.8 சதவீதமாக இருந்தது 13 ஆனது. ஐந்து லட்சத்துக்கு 1,04,000 பிடிக்கும் இடத்தில் 65,000. மலேசியப் பங்காளிகள் மகிழ்ந்தார்கள். ஆனால் அதே அறிக்கை, விலைவாசி உயர்வுக்கேற்ப அடக்கத்தைக் கூட்டிக்கொள்ள விடும் குறியீட்டுச் சலுகையை எடுத்துவிட்டது. ஆகஸ்டில் வந்த திருத்தம், உள்நாட்டில் வசிக்கும் தனிநபர்களுக்கும் இந்துக் கூட்டுக் குடும்பங்களுக்கும் மட்டும், பழைய சொத்துகளுக்கு எது குறைவோ அந்தக் கணக்கைத் தேர்ந்துகொள்ள விட்டது. 2001 ஏப்ரல் 1 அன்று ஒரு பங்கின் மதிப்பு ஒன்றரை லட்சம் என்று மதிப்பீட்டாளர் சான்று கொடுத்திருந்தார். அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டி அவரால் எழுதவும் முடியாது. 2001ஐ 100 என்று வைத்த குறியீடு, விற்ற ஆண்டில் 363. காரைக்குடியில் இருக்கும் தம்பிக்கு, அந்த விகிதத்தில் பெருக்கினால் அடக்கம் 5,44,500 ரூபாய். விற்ற விலையைவிட அதிகம், வரியே இல்லை. மலேசியாவில் இருக்கும் அண்ணனுக்கு ஆதாயம் மூன்றரை லட்சம், வரி மேல்வரியோடு 45,500 ரூபாய். ஒரே வளவில் பிறந்த இருவருக்கு ஒரே பங்கில் இப்படி இரு கணக்கு என்று விளக்கும் பொறுப்பும் தரகன் தலையில்தான் விழுந்தது.

அக்டோபர் 1 முதல் இன்னொரு மாற்றம். ஐம்பது லட்சத்துக்குக் குறையாத சொத்தை வாங்குபவர் 1 சதவீத வரியைப் பிடித்துச் செலுத்த வேண்டும் என்பது 2013 முதலே உள்ள விதி. பங்கு ஒவ்வொன்றும் ஐந்து லட்சம்தானே, நமக்குப் பொருந்தாது என்று எல்லாரும் இருந்தோம். விற்பவரும் வாங்குபவரும் எத்தனை பேராக இருந்தாலும் மொத்த விலையைத்தான் பார்க்க வேண்டும் என்று புதிய திருத்தம் தெளிவாக்கிவிட்டது. ஆடிட்டர் சொன்னபடி, உள்நாட்டுப் பங்காளிகள் பன்னிரண்டு பேர், வாங்குபவர் இருவர், ஆக, பிடித்த வரியைச் செலுத்த இருபத்துநான்கு 26கியூபி படிவங்கள். பான் எண்ணை ஆதாரோடு இணைக்காதவர் இருந்தால் அவருக்கு 1 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் பிடிக்க வேண்டும்; ஐயாயிரத்துக்குப் பதில் ஒரு லட்சம். சோதித்துப் பார்த்தால் ஒருவர் இணைத்திருக்கவில்லை. அது ஆச்சி! ஆயிரம் ரூபாய் கட்டணம் செலுத்தி இணைக்கும் வேலையை அவர் பேரன் ஒரு வாரத்தில் முடித்துக் கொடுத்தான். நவம்பரில் கிரயமானது. பழைய வீட்டு விற்பனையில் என் கூலி இரு தரப்பிலும் ஒவ்வொரு சதவீதம். அந்த இருபத்துநான்கு படிவங்களுக்காகக் கணினி மையத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு இரவுகளுக்கு அதில் தனிக் கணக்கில்லை.

அந்தக் கிரயத்துக்குப் பிறகு நான் எழுதும் விற்பனை ஒப்பந்தங்களில் மூன்று வரிகளைக் கட்டாயம் சேர்க்கிறேன். கிரயத் தேதிக்குள் வழிகாட்டி மதிப்போ கட்டணமோ மாறினால் கூடுதலை யார் ஏற்பது. எந்தப் பங்காளி எந்தத் தாளை எந்தத் தேதிக்குள் தர வேண்டும். விற்பவர் தரப்பில் தாமதமானால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும். 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம் என்பதால், இந்த வரிகள் வெறும் பேச்சாக நிற்பதில்லை. ஒப்பந்தம் போடும்முன் ஒவ்வொரு பங்காளியின் பான் நிலையையும் பார்த்துவிடுகிறேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கெடுத் தேதிகளை எழுத்தில் அனுப்புகிறேன்.

2025 மார்ச் மாதம், 9,60,000 ரூபாய்க்கு ஒரு மனை பேசி முடித்த இளம் தம்பதியரை, ஏப்ரல் 1 வரை பொறுத்து மனைவி பெயரில் பதியச் சொன்னேன். பத்து லட்சத்துக்குட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பு என்று அந்த மாதம்தான் அறிவித்திருந்தார்கள். அவர்களுக்கு 9,600 ரூபாய் மிச்சம். கணவர் உடனே சரி என்றார். அந்தப் பெண் மட்டும் சற்று யோசித்துவிட்டு, "இந்தப் பதினஞ்சு நாளுக்குள்ள இதையும் மாத்திர மாட்டாகளே அண்ணே?" என்று கேட்டார். ஏப்ரல் முதல் வாரத்துக்கு டோக்கன் போட்டு, ஒப்பந்தத்தின் முதல் வரியை அவருக்குப் படித்துக் காட்டினேன்.